குருசடியிலிருந்து ஆறாவது வீடு

சேசு மரி சூசை

குருசடிமேடு
8-6-86

அருமை நாத்தனார் அமலராணிக்கு அண்ணி லூர்துராணி எழுதிக்கிட்டது. இங்கே நான், உன் அண்ணன் செபஸ்தியான், கோழி நாலு, எல்லாரும் உயிரோட இருக்கோம். நீ எப்படி இருக்கேங்கிறது நீ எழுதினாத்தான் உண்டு.

மூணாங்கிளாசோட நிறுத்தினவ கையெழுத்து. கொக்கு நடந்த சேறு மாதிரி இருக்கும். சிரிச்சுக்கோ, எனக்கு அதுதான் வேணும்.

போன ஞாயித்துக்கிழமை நாங்க பூசைக்குப் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள கட்டிலையும் தையல் மெஷினையும் தட்டுவண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டியாமே. காதலிச்சு ஓடிப்போறவகூட ஒரு சீட்டு எழுதி வெச்சிட்டுப் போவா. நாப்பத்தொரு வயசுல அமலா யாரோட ஓடிப்போனான்னு தெருவே கேக்குது. தையல் மெஷினோடன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

ஸ்ரீரங்கத்துல மூலத்தோப்புப் பக்கம் ரூம் புடிச்சிருக்கேன்னு உங்க வரிசை இருளாயிதான் சொன்னா. அரியமங்கலத்துல ஏறி சத்திரத்துல எறங்கி, ஒண்ணாம் நம்பர் பஸ் மாறினா வந்துடலாம். காவேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா கடலைத் தாண்டிட்டதா அர்த்தமா?

எதிர் வரிசையில உன் வீட்டோட சேத்துப் பதினோரு வீட்டையும் இடிச்சுப் போட்ட மண்ணு அப்படியே கெடக்கு. புது ரோட்டுக்கு அவ்வளவு அவசரமா இடிச்சானுங்க, இப்ப ஒருத்தனையும் காணோம். உன் முருங்கை மரம் மட்டும் தனியா நிக்குது. நேத்து அதுல கீரை ஒடிச்சேன். உன்னைக் கேக்காம ஒடிச்சது தப்புதான்.

சொல்ல மறந்துட்டேனே, நம்ம வாசல்ல பஞ்சாயத்துக் குழாய் போட்டுட்டாங்க. வாசப்படியிலேருந்து நாலு எட்டு. இனிமே குடம் சொமந்து இடுப்பு ஒடிய வேண்டாம். எதிர்லேருந்து புடிக்கத்தான் ஆளில்ல.

உனக்குக் கோவம் பஞ்சாயத்துமேலயா, என்மேலயா? பஞ்சாயத்துமேலன்னா நானும் சேந்து திட்டறேன். என்மேலன்னா சொல்லு, காதைப் புடிச்சிக்கிட்டு மூணு தோப்புக்கரணம் போட்டுடறேன். நாலாவது போட முட்டி விடாது.

அன்புள்ள அண்ணி
லூர்துராணி


மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
17-6-86

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தையல் மெஷினோடு ஓடிப்போனேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

ரூம் எட்டுக்கு எட்டு. மெஷினைப் போட்டால் கட்டிலைப் போட முடியவில்லை, கட்டிலைச் செங்குத்தாக நிறுத்திவைத்திருக்கிறேன். ஆறு குடித்தனத்துக்கு ஒரு கிணறு. பக்கத்து வீடுகளில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார்கள். அளவு எடுக்க மட்டும் உள்ளே கூப்பிடுவதில்லை, பழைய ரவிக்கையைக் கொடுத்தனுப்புகிறார்கள். பழகிவிடும்.

முருங்கைக் கீரைக்காக வருத்தப்பட வேண்டாம். அந்த மரம் இப்போது என்னுடையது இல்லை. ரோட்டுடையது.

பிப்ரவரியில் பாக்கியநாதன் வாத்தியார் நம் தெருவுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நின்ற மனுஷர் ஓட்டே கேட்கவில்லை. “புது ரோடு கிழக்கு வரிசை வழியாத்தான் வரும்னு கேள்விப்படறேன். ஓட்டை யாருக்கு வேணும்னாலும் போடுங்கம்மா. ஆனா வீடு போனா மாற்று மனை தரேன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க” என்றார். நீங்கள் சிலுவை நிற்கிற குருசடி மேடையில் ஏறி நின்று பாட்டுக் கட்டினீர்கள்.

குடை புடிச்ச வாத்தியாரு
கூரை இடியும்ங்கிறாரு
மழை பேஞ்சா கேக்கலாம்டி
மாவாட்டப் போகலாம்டி

அவர் சின்னமும் குடை, கையிலும் குடை. பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றிக் கும்மியடித்தோம். அதிகம் சிரித்தவள் நான். அவர் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். பதினாலு ஓட்டில் பிச்சைமுத்துவிடம் தோற்றார். எங்கள் பதினோரு வீட்டில் மட்டும் முப்பது ஓட்டு.

மே மாதம் கடப்பாறையோடு ஆட்கள் வந்து என் அடுப்படிச் சுவரை முதலில் தள்ளினார்கள். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பாட்டுத்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்னும் முகம் கூசுகிறது.

உங்களுக்குக் கூசவில்லையா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

அமலராணி


சேசு மரி சூசை

குருசடிமேடு
29-6-86

அமலாவுக்கு,

உன் கடுதாசியை உன் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டல. உங்களைக் கேட்டதா எழுதியிருக்கான்னு மட்டும் சொன்னேன். அந்த மனுஷன் பட்டறையிலேருந்து வந்ததும் சைக்கிளை உன் வாசல் இருந்த எடத்துல ஸ்டாண்டு போட்டுட்டு, அப்புறம் தெருவைத் தாண்டி வீட்டுக்குள்ள வர்றாரு. ஏன் இப்படின்னு கேட்டா, பழக்கம்ங்கிறாரு.

கூசலையான்னு கேட்டே. கூசாம என்ன, எனக்கென்ன எருமைத் தோலா? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நான் படிக்காதவ. பிச்சைமுத்து சொன்னதை நம்பினேன். ஊர் பூரா நம்பிச்சு. பஸ் ஸ்டாண்டு வரும், தெருவிளக்கு வரும், திருச்சி டவுன் மாதிரி ஆயிடும்னான். ரோடு எந்த வரிசையைத் தின்னும்னு எனக்கென்ன மோட்சத்துலேருந்து சம்மனசு வந்து காதுல ஓதிச்சா? வாத்தியாரைக் கேலி பண்ணினேன், வாஸ்தவம். நான் யாரைத்தான் கேலி பண்ணல? உன் கல்யாணத்துல மாப்பிள்ளை மீசையைப் பாத்து, ஒட்டினதா மொளைச்சதான்னு கேட்டவ நான். அவரே சிரிச்சாரு, புண்ணியவான்.

நீ இங்கே வந்துடு. நடு ரூமை ஒழிச்சுத் தரேன். கட்டிலைப் படுக்க வெச்சே போடலாம். வாசல்ல குழாய் இருக்கு.

இதைத் திரும்பத் திரும்ப எழுதறேனோ?

அண்ணி


மூலத்தோப்பு
16-7-86

அண்ணிக்கு,

நடு ரூம் வேண்டாம்.

பாக்கியநாதன் வாத்தியார் வெயிலில் குடையோடு இந்தச் சந்து சந்தாகத் தேடி என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை, மெஷின் ஸ்டூலைப் போட்டேன். நான் கும்மியடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

அவர் சொன்னது இது. தேர்தலுக்கு முன்பே ஊரமைப்பு ஆபீசில் ஒரு வரைபடம் தயாராகியிருந்ததாம். அதில் ரோடு கிழக்கு வரிசை வழியாகப் போகிறது. வீடு இழக்கும் பதினோரு குடும்பத்துக்கும் களத்துமேட்டில் மனை ஒதுக்கியிருந்ததாம். பிச்சைமுத்து தலைவரான பிறகு புதுப் படம் வந்திருக்கிறது. ரோடு அப்படியே இருக்கிறது, களத்துமேட்டில் மட்டும் மனைக்குப் பதில் கடைகள். பழைய படம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பிச்சைமுத்து சொல்கிறார். வாத்தியாருக்கும் காதில் விழுந்த சேதிதான், கண்ணால் பார்த்தவர் இல்லை.

எங்கள் பதினோரு பேர் மனுவுக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, யூனியன் ஆபீசில். பழைய படத்தைப் பார்த்ததாக ஒருவராவது சொன்னால் அதிகாரி அந்த ஃபைலை வரவழைப்பாராம். இல்லையென்றால் மனுவை மூடிவிடுவார்கள்.

தேர்தல் சமயத்தில் பிச்சைமுத்து வீட்டில் சமைத்தது நீங்கள். அந்தப் படத்தைப் பார்த்தீர்களா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுதினால் போதும். பாட்டு வேண்டாம்.

அமலராணி


குருசடிமேடு
30-7-86

அமலா,

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும்னே. அதை எழுதறதுக்குப் பதினாலு நாள் ஆச்சு. மிச்சத்தையும் எழுதிடறேன். நீ படிச்சாலும் சரி, அடுப்புல போட்டாலும் சரி.

தவக்காலம் தொடங்கின மொத வெள்ளிக்கிழமை. ஓட்டுக் கேக்கப் போற ஆளுங்க நாப்பது பேருக்குச் சோறு. கறிக்குழம்பு வைக்கச் சொன்னாங்க. தவக்காலத்துல கறி தொடமாட்டேன்னு சண்டை போட்டு சாம்பார் வெச்சேன். பெரிய பக்திமான் பாரு. கரண்டியை வைக்க ஏதாவது தாள் வேணும்னு கூடத்து மேசையில சுருட்டி வெச்சிருந்த நீலத் தாளை எடுத்தாந்து, கொல்லையில விரிச்சு அதுமேல கரண்டியை வெச்சேன். பிச்சைமுத்து பாத்துட்டு ஓடி வந்தான். ஆபீசுலேருந்து ஒரு நாளைக்குன்னு வாங்கியாந்ததாம், திருப்பிக் குடுக்கணுமாம். துண்டால தொடச்சான். மூலையில மஞ்சக் கறை அப்படியே நின்னுடுச்சு.

அவன் தொடைக்கற நேரத்துல நான் பாத்துட்டேன். எழுத்துக் கூட்டத்தான் எனக்கு நேரமாகும். சிலுவைக் குறி தெரியாதா? குருசடிக்குச் சிலுவை போட்டிருந்துது. அதுலேருந்து கிழக்கு வரிசையை எண்ணினேன். மொதல்ல இருளாயி வீடு. அடுத்தது அற்புதம்மாள். எண்ணிக்கிட்டே போனா ஆறாவது உன் வீடு. செவப்புப் பென்சில் கோடு உன் அடுப்படி நடுவுல போச்சு. கறை பட்ட மூலையில, களத்துமேட்டுப் பக்கம், பச்சைப் பென்சில்ல சின்னச் சின்னக் கட்டம். அதையும் எண்ணினேன். பதினொண்ணு.

நான் எண்ணறதை அவனும் பாத்தான். “அக்கா, உங்க வரிசைக்கு ஒண்ணும் ஆகாது. எதிர் வரிசைக்கு மனை இருக்கு. இப்பவே சொன்னா பயந்துடுவாங்க. நீங்க வாயை மட்டும் நம்ம பக்கம் வெச்சிக்குங்க, உங்க வாசலுக்குக் குழாய் என் பொறுப்பு” அப்படின்னான்.

மூணாம் நாள்தான் வாத்தியார் தெருவுக்கு வந்தாரு. அவர் சொல்றது நெசம்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்சவ நான் ஒருத்திதான். தெரிஞ்சுதான் மேடையில ஏறினேன். மனைதான் குடுக்கறாங்களே, யாரும் நடுத்தெருவுல நிக்கப் போறதில்லன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நீங்க சிரிக்கச் சிரிக்க எனக்குப் பாட்டு ஊறிச்சு.

மே மாசம் கடப்பாறை வந்தப்ப மனை எங்கேன்னு பிச்சைமுத்துவைக் கேக்கப் போனேன். வாசல் வரைக்கும் போனேன். அன்னைக்குக் காலையிலதான் நம்ம வாசல்ல குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தாங்க. திரும்பி வந்துட்டேன்.

இன்னொண்ணு. பெரிய வெள்ளிக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போட்டேன் பாரு. கோழி திருடின பக்கத்து வீட்டுக்காரியைச் சபிச்சது, பூசையில தூங்கினது, எல்லாம் சொன்னேன். இது நாக்கு நுனி வரைக்கும் வந்துது. பின்னாடி வரிசையில நீ நின்னுக்கிட்டிருந்தே. சாமியார் மெதுவாக் கேப்பாரு, நான் சத்தமாப் பேசிப் பழகினவ. உன் காதுல விழுந்துடும்னு முழுங்கிட்டேன். அந்தப் பாவத்தோடதான் பாஸ்காப் பூசையில நற்கருணை வாங்கினேன்.

உன் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. உனக்குத்தான் மொதல்ல எழுதறேன்.

11-ந்தேதி யூனியன் ஆபீசுக்குப் போகணும்னு இருக்கேன். போவேன்னு எழுதல. நான் பாட்டுல சொன்னதை நம்பித்தானே நீ அந்த ரூம்ல இருக்கே.

லூர்துராணி


மூலத்தோப்பு
14-8-86

அண்ணிக்கு,

நான் வந்திருந்தேன். சன்னல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் இருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி என்ன தொழில் என்று கேட்டதும் பழக்க தோஷத்தில், “வாயை வாடகைக்கு விடறதுங்க” என்றீர்கள். வழக்கமாக உங்களுக்கு முன்பே சிரித்துவிடுகிற பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டீர்கள். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

பிறகு விரலை மடக்கி எண்ணினீர்கள். இருளாயி, அற்புதம்மாள், மயிலம்மாள், டோரதி, தைரியராஜ். ஆறாவதில் நின்றுவிட்டீர்கள். ஆறாவது யார் வீடு என்று அதிகாரி கேட்டார். மறுபடியும் கேட்டார். பின்னாலிருந்து அண்ணன் எழுந்து, “என் தங்கச்சி வீடுங்க” என்றார். அவருக்கும் அங்கேதான் தெரிந்தது என்பதை அவர் குரலிலேயே தெரிந்துகொண்டேன்.

படிக்கத் தெரியாத பொம்பளை, யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பிச்சைமுத்து சொன்னபோது, நீங்கள் கோபப்படாமல் பதில் சொன்னீர்கள். “அந்தத் தாளைக் கொண்டாரச் சொல்லுங்கய்யா. பச்சைக் கட்டத்துமேல என் சாம்பார்க் கறை இருக்கும். மஞ்சள் கறை ஆறு மாசத்துல போகாது.”

ஃபைல் வர மத்தியானம் ஆனது. கட்டின் அடியிலிருந்து அந்த நீலத் தாளை எடுத்து அதிகாரி வெளிச்சத்தில் பிடித்தபோது, எங்கள் பெஞ்சு வரைக்கும் அந்த மஞ்சள் தெரிந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வராத வார்த்தையை எழுத மாட்டேன். நான் சிரித்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். நீங்கள் சிரிக்க வைத்ததற்கு நீங்கள் வெட்கப்படுங்கள். ஒன்றால் இன்னொன்று கழியாது.

பாவசங்கீர்த்தனத்தன்று உங்களுக்குப் பின்னால் நின்றது நினைவிருக்கிறது. அண்ணி இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டாரே, எவ்வளவு சுத்தமான மனசு என்று அன்றைக்குப் பொறாமைப்பட்டேன்.

அமலராணி


சேசு மரி சூசை

குருசடிமேடு
2-11-86

அமலாவுக்கு,

இன்னைக்குக் கல்லறைத் திருநாள். உன் வீட்டுக்காரருக்குப் பூ வைக்கப் போனோம். எங்களுக்கு முன்னாடியே செவ்வந்தி வெச்சிருந்துது, மெழுகுவத்தி பாதி எரிஞ்சு நின்னுது. நீ வந்துட்டுப் போயிட்டேன்னு உன் அண்ணன் சொன்னாரு. அந்தப் பாதி மெழுகுவத்தியிலதான் எங்க வத்தியைப் பத்த வெச்சோம்.

உன் அண்ணன் ரெண்டு மாசம் என்கிட்ட நேராப் பேசல. எல்லாத்தையும் கோழிகிட்டதான் சொல்வாரு. “வெந்நி போட்டாச்சான்னு கேளு” அப்படிம்பாரு. கோழியும் என்னைப் பாக்கும். நானும் போட்டாச்சுன்னு அதுகிட்டயே சொல்வேன். போன வாரந்தான் உப்பு கம்மின்னு என்னைப் பாத்துச் சொன்னாரு. அழுதுட்டேன், உப்புக் கம்மிக்கு.

விசாரணை முடிஞ்ச மூணாம் நாளே குழாயைப் புடுங்கிட்டாங்க. பள்ளத்தைக்கூட மூடல. எங்க வரிசைப் பொம்பளைங்க ஸ்கூல் பம்புக்கு நடக்கறாங்க, நானும் நடக்கறேன். என்னாலதான் போச்சுன்னு என் காது படப் பாட்டுக் கட்டறாங்க. என் மெட்டுதான். நல்லாவே கட்டறாங்க, ஒரு எடத்துல நானே எடுத்துக் குடுத்திருப்பேன், வாயை மூடிக்கிட்டேன்.

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உக்காருங்கன்னாரு. உக்கார முடியல. பாட்டுக் கட்டினது தப்புன்னு சொல்லப் போனவளுக்கு மொத வார்த்தையே வரல, தூண் பக்கமே நின்னேன். கிளம்பறப்ப தூறல் போட்டுது. குடையை விரிச்சுக்கிட்டு முக்கு வரைக்கும் கூட வந்தாரு. தெருவே பாத்துது. பாதிக் குடை எனக்கு, பாதிக் குடை அவருக்கு. என் ஆயுசுல அவ்வளவு நீளமான தெருவை நடந்ததில்ல.

களத்துமேட்டுல நேத்து அளந்து பதினோரு முளை அடிச்சுட்டாங்க. பழைய வரிசையிலேயே குடுக்கறாங்களாம். ஆறாவது உன்னுது. போய்ப் பாத்தேன். மனைக்குள்ள கால் வைக்கல, ஓரமா நின்னேன்.

ரோடு போடற ஆளுங்க புதன்கிழமை வந்தாங்க. முருங்கை மரத்தை வெட்டிச் சாச்சுட்டாங்க. நல்ல போத்தா ரெண்டு கிளை எடுத்து வெச்சிருக்கேன், கை கனத்துக்கு. இந்த மழைக்கு நட்டா புடிச்சுக்கும். நான் நடமாட்டேன். உன் மனையில மொதல்ல என் கை பட வேண்டாம். நீ எப்ப வரியோ அப்ப வா. அது வரைக்கும் தொட்டித் தண்ணியில போட்டு வெக்கறேன்.

லூர்துராணி


(கார்டு)

மூலத்தோப்பு
10-11-86

அண்ணி,

போத்தைத் தண்ணீரில் போட்டால் அழுகிப்போகும். வெளியே எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். இது தெரியாமல்தான் இத்தனை வருஷம் என் மரத்தில் கீரை ஒடித்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன். குழி நான் வெட்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டேன், அது இன்னும் முடியாது. நட்டதும் ஊற்ற ஒரு குடம் தண்ணீர் வேண்டும். ஸ்கூல் பம்பிலிருந்து களத்துமேடு வரைக்கும் நீங்கள்தான் சுமந்து வர வேண்டும். வழியில் யாராவது பாட்டுக் கட்டினால் குடத்தை இறக்காமல் நின்று முழுதும் கேட்டுவிட்டு வாருங்கள்.

தோப்புக்கரணம் மூன்று என்று எழுதியிருந்தீர்கள். மறக்கவில்லை. நாலாவதை விட்டுவிடுகிறேன்.

அமலா